பழைய நோட்டில் ஒரு பதக்கம்



உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பத்து ரூபாய் நோட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பாருங்கள். டீக்கடைக் கல்லா, கண்டக்டர் பை, பூக்கார அம்மாவின் சுருக்குப் பை, கோயில் உண்டியல் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறது. மடித்து மடித்து நடுவில் பிய்ந்திருக்கும். யாரோ ஒருவர் பேனாவால் கணக்குப் போட்டிருப்பார். இந்த நோட்டு கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்ததுண்டா? போன கோடை வரைக்கும் நானும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது எங்கள் ஆயாதான்.

ஆயாவின் ஏழு நோட்டு

எங்கள் ஆயா வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. கூரை மாற்றுவதற்காகப் பழைய புல்லைப் பிரித்தபோது மூங்கில் இடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை விழுந்தது. உள்ளே ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மரவள்ளி பிடுங்கியும் கடுக்காய் பொறுக்கியும் சேர்த்த பணம். எங்கே ஒளித்து வைத்தோம் என்பதை மறந்துவிட்டு வருஷக்கணக்கில் தேடியிருக்கிறார்.

"படிக்கிற புள்ள நீ. கீழ கள்ளக்குறிச்சிக்குப் போயி மாத்திக்கினு வா கண்ணு" என்று என் கையில் கொடுத்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

எல்லாமே பழைய ஐந்நூறு. 2016 நவம்பர் 8 அன்று இரவு செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நோட்டுகள். வங்கியில் போட அந்த ஆண்டு டிசம்பர் 30 வரைதான் அவகாசம் இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால், 3,500 ரூபாய் இப்போது வெறும் காகிதம் என்று ஆயாவிடம் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. ஒரு வங்கியில் போய்க் கேட்டும் பார்த்தேன். "ஒண்ணும் பண்ண முடியாது தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மா, "அடுப்புல போடு" என்றார். ஆயா விடவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. நாடு முழுக்க இப்படிச் செல்லாமல் போன நோட்டையெல்லாம் அரசாங்கம் என்ன செய்தது? அதைத் தேடிப் படித்ததும், பிறகு நண்பர்கள் சேர்ந்து நம் ஒர்க்‌ஷாப்பில் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

நோட்டு காகிதமா, துணியா?

முதலில் ஒரு செய்தி. நம் ரூபாய் நோட்டு மரக்கூழ்க் காகிதத்தில் அச்சிடப்படுவதில்லை. ரிசர்வ் வங்கி சொல்வதன்படி அது நூற்றுக்கு நூறு பருத்தியில் செய்த தாள். அதனால்தான் வேட்டியோடு சேர்த்துத் துவைத்துவிட்டாலும் நோட்டு கரைவதில்லை. நம் நோட்டுப்புத்தகத் தாளை அப்படித் துவைத்தால் உருண்டை உருண்டையாகப் போய்விடும். பருத்தி இழை நீளமானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதோடு ஈரத்திலும் உறுதி குறையாமல் இருக்கத் தனிப் பக்குவம் செய்கிறார்கள். உள்ளே பாதுகாப்பு இழை வேறு ஓடுகிறது.

இந்தத் தாளைச் செய்யும் ஆலை மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத்தில் 1968-ல் தொடங்கப்பட்டது. அந்த ஊருக்கு இப்போது நர்மதாபுரம் என்று பெயர். மைசூரிலும் ஓர் ஆலை இருக்கிறது. நோட்டு அச்சாவது நாசிக், தேவாஸ், மைசூர், சல்போனி ஆகிய நான்கு ஊர்களில்.

நோட்டுக்கு மதிப்பு வருவது தாளினால் இல்லை. அதில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு, இத்தனை ரூபாய் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்குதான் மதிப்பு. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மிஞ்சுவது பருத்தித் தாள் மட்டுமே. இப்படி நடந்தது 2016-ல் மட்டும் இல்லை. 1946 ஜனவரியிலும் 1978 ஜனவரியிலும் பெரிய நோட்டுகள் செல்லாமல் ஆக்கப்பட்டன. 2023 மே 19-ல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆனால் அதைச் செல்லாது என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளணும்.

நோட்டின் கடைசிப் பயணம்

அழுக்கான நோட்டு வங்கிக் கிளையிலிருந்து கரன்சி செஸ்ட் என்னும் பணக் கிடங்குக்கும், அங்கிருந்து ரிசர்வ் வங்கிக்கும் போகிறது. முன்பெல்லாம் அங்கே அவற்றை எரித்தார்கள். 1999-ல் சுத்தமான நோட்டுக் கொள்கை அறிவிக்கப்பட்ட பிறகு இயந்திரங்கள் வந்தன. ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 50,000 முதல் 60,000 நோட்டுகளைப் பார்த்துவிடும். எண்ணும், கள்ள நோட்டா என்று சோதிக்கும், நல்லது கெட்டது பிரிக்கும், கெட்டதை அங்கேயே துகள் துகளாக வெட்டிவிடும். துகள் குழாய் வழியே அடுத்த இயந்திரத்துக்குப் போய், அழுத்தப்பட்டு உருளைக் கட்டியாக வெளியே வரும். நம் கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதானால், கரும்புச் சக்கையை அழுத்திக் கட்டியாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

ரிசர்வ் வங்கியின் 2024-25 ஆண்டறிக்கைப்படி நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டன் நோட்டுத் துகள் சேருகிறது. ஒரு நோட்டின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். அப்படியானால் ஒரு டன் என்பது பத்து லட்சம் நோட்டு! பெரும்பாலும் இதைப் பள்ளம் நிரப்பவும் எரிக்கவும்தான் பயன்படுத்தி வந்தார்கள். மர ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைக் கொண்டு ஆய்வு செய்ததில், இந்தத் துகளைக் கலந்து பார்ட்டிகிள் போர்டு செய்யலாம் என்று தெரிய வந்திருக்கிறது. பலகை செய்யும் தொழிற்சாலைகளுக்கு இதைக் கொடுக்க முடிவெடுத்திருப்பதாக அதே அறிக்கை கூறுகிறது.

புழல் சிறையில் செய்த பைல் அட்டை

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2016 நோட்டுகளைத் துகளாக்கியபோது, சென்னை ரிசர்வ் வங்கியிலிருந்து ஒரு பகுதி புழல் மத்தியச் சிறைக்குப் போனது. 70 டன் தருவதாகப் பேச்சு. 2017 ஜனவரிச் செய்திகளின்படி முதலில் 9 டன் வந்தது. இதற்கென்று பயிற்சி பெற்ற 25, 30 கைதிகள் துகளைக் கூழாக்கி, அச்சில் இட்டு அழுத்தி, காயவைத்து, அரசு அலுவலகங்களுக்குப் பைல் அட்டை செய்தார்கள். எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 160 முதல் 200 ரூபாய் வரை கூலி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. ஐந்நூறு, ஆயிரமாக இருந்ததை அரைத்து, அதற்குக் கூலியாக நூற்றி அறுபது வாங்கியிருக்கிறார்கள்!

கேரளத்தில் கண்ணூர் அருகே வளபட்டணத்தில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொழிற்சாலை, திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கியிலிருந்து துகளை வாங்கி ஹார்டுபோர்டு செய்தது. நோட்டுத் தாள் உறுதியானது என்பதால் சாதாரண முறையில் கூழாகவில்லை. வெப்பமும் அரைப்பும் சேர்ந்த முறையில் பக்குவப்படுத்தி, மரக்கூழோடு சிறு பங்காகக் கலந்தார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவன மாணவர்களிடமும், இந்தத் துகளில் என்னென்ன பொருள் செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி கேட்டது.

வெளிநாட்டிலும் அப்படியே. அமெரிக்காவில் வெட்டிய டாலர் துகளைச் சின்னப் பைகளில் போட்டு நினைவுப் பொருளாக விற்கிறார்கள். அழுத்திப் பொம்மையாகச் செய்தும் விற்கிறார்கள். ஜப்பானில் கட்டடப் பொருளாகவும் டாய்லெட் பேப்பராகவும் மாறுகிறது. ஹங்கேரி நாட்டு மைய வங்கி, 2012 கடுங்குளிரில் நோட்டுக் கட்டிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்தது. பதக்கம் என்று பார்த்தால், டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் மக்கள் கொடுத்த பழைய செல்போன், கம்ப்யூட்டர் முதலியவற்றிலிருந்து பிரித்த உலோகத்தில் செய்தவை. கழிவில் செய்த பதக்கம் என்பதால் எந்த வீரரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

செய்வதற்கு முன் சட்டம்

நண்பர்களே, ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். செல்லும் நோட்டை யாரும் கைவினைக்காகக் கிழிக்காதீர்கள். அது உழைப்பு. கரையான் அரித்தது, எலி கடித்தது, கிழிந்தது என்றாலும் தூக்கி எறியாதீர்கள். வங்கியில் மாற்றலாம். விதி இதுதான்:

1. இருபது ரூபாய் வரையுள்ள நோட்டில் ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு கிடைக்கும்.

2. ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரை இருந்தால் பாதி மதிப்பு. 40-க்குக் கீழே ஒன்றுமில்லை.

இப்போதைய ஐந்நூறு ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். பரப்பு 99 ச.செ.மீ. அதில் ஏறத்தாழ 80 ச.செ.மீ. மிஞ்சியிருந்தால் ஐந்நூறும் கிடைக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டே வங்கிக்குப் போங்கள். மலையில் நிறைய வீடுகளில் இது தெரியாமல் அடுப்பில் போடுகிறார்கள்.

செல்லாத பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளுக்கு 2017-ல் தனிச் சட்டம் வந்தது. ஒருவர் மொத்தம் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம். ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் 25 வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் போனால் அபராதம். ஆயாவிடம் இருந்தது ஏழு. அப்பாடா என்று இருந்தது.

எங்கள் சோதனை

ரிசர்வ் வங்கித் துகள் நம் கைக்கு வராது. ஆனால் நோட்டு என்பது பருத்தி என்று தெரிந்த பிறகு ஒரு வழி தோன்றியது. டெய்லர் கடையில் சும்மா கிடக்கும் வெள்ளைப் பருத்தித் துணி வெட்டும், நாம் எழுதித் தள்ளிய பழைய ரெக்கார்டு நோட்டுத் தாளும் கலந்தால் ஏறத்தாழ அதே குணம் கிடைக்கும் என்று முயன்றோம்.

காகிதக்கூழ் வேலை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. விழுப்புரத்தை ஒட்டிய புதுச்சேரித் திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் 2021-ல் அந்தக் குறியீடு கிடைத்தது. மரம் செதுக்க ஆள் இருக்கிறார்கள், பசைக்கு மலையில் மரவள்ளி இருக்கிறது, லேத் நம் காலேஜில் இருக்கிறது. வேறென்ன வேணும்?

அச்சு செய்வது: அடியில் பதக்க வடிவம் செதுக்கிய வாகை மரத் தட்டு. அதைச் சுற்றி எம்.எஸ். பைப்பில் லேத்தில் கடைந்தெடுத்த வளையம். மேலே அழுத்த ஒரு மரக்கட்டை. தண்ணீர் வடிய வளையத்தின் அடியில் 2 மி.மீ. துளைகள். வளையம் ஏன் என்றால், மர அச்சை மட்டும் வைத்து அழுத்தினால் இழை வாக்கில் பிளந்துவிடுகிறது. எங்கள் முதல் அச்சு அப்படித்தான் போனது.

பவுண்டரி வகுப்பில் பேட்டர்ன் அலவன்ஸ் என்று மனப்பாடம் செய்தோமே, அது இங்கே உதவியது. வார்ப்பிரும்பு மீட்டருக்கு ஏறத்தாழ 10 மி.மீ. சுருங்கும். எங்கள் கூழ் 60 மி.மீ. அச்சில் போட்டு எடுத்துக் காய்ந்தபோது 57 மி.மீ. ஆகியிருந்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு சுருக்கம். வார்ப்பிரும்பைப் போல ஐந்து மடங்கு! அதனால் 60 மி.மீ. பதக்கத்துக்கு 63 மி.மீ. அச்சு வைத்தோம். ஓரங்களுக்கு டிராஃப்ட் என்னும் சரிவு கொடுத்தால்தான் பதக்கம் உடையாமல் வெளியே வரும்.

கூழ் செய்வது:

1. துணியை 5 மி.மீ.க்கும் சிறிதாக நறுக்குங்கள். மூன்று நாள் ஊறவைத்து, கொஞ்சம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவையுங்கள். நன்றாக அலசிவிடுங்கள்.

2. உரலில் இட்டு இடியுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். துணி இழை பிளேடில் சுற்றி மிக்ஸி நின்றுபோய், நண்பன் வீட்டில் நல்ல பாட்டு கிடைத்தது.

3. தாளைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்துத் தனியாக அரையுங்கள். தாள் இரண்டு பங்கு, துணி ஒரு பங்கு என்று கலந்து, மெல்லிய துணியில் பிழிந்துகொள்ளுங்கள்.

4. மரவள்ளி மாவு 30 கிராமை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடி போல் பசை வரும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. இது விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு கலக்குங்கள். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.

5. அச்சில் விளக்கெண்ணெய் தடவி, கூழை நிரப்பி அழுத்துங்கள். ரிப்பன் துளைக்கு ஈரத்திலேயே ஓர் ஆணியைச் செருகிவிடணும். காய்ந்த பிறகு டிரில் போட்டால் அடுக்கடுக்காகப் பிரிகிறது.

6. கம்பி வலைமேல் வைத்து, மேலே லேசான பாரம் ஏற்றி நிழலில் இரண்டு நாள், பிறகு வெயிலில் ஒரு நாள். முதலிலேயே வெயிலில் வைத்தால் அப்பளம் போல் வளைந்துவிடும்.

7. எமரி தாளால் தேய்த்து இரண்டு கோட் வார்னிஷ்.

அழுத்தத்துக்கு இரண்டு டன் கார் ஜாக்கை ஒரு பிரேமுக்குள் வைத்துப் பயன்படுத்தினோம். கணக்கு எளிதுதான். 63 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 31.2 ச.செ.மீ. 2,000 கிலோ விசையை இதனால் வகுத்தால் ஒரு ச.செ.மீ.க்கு ஏறத்தாழ 64 கிலோ. எஸ்.ஐ. அலகில் ச.மி.மீ.க்கு 6.3 நியூட்டன். ஆனால் நாங்கள் ஜாக்கை முழுக்க ஏற்றவில்லை. தண்ணீர் வடிவது நின்றதும் நிறுத்திவிட்டோம். ஆகவே உண்மையான அழுத்தம் இதைவிடக் குறைவு.

பட்ட பாடும் கண்ட பலனும்

முதல் நான்கு பதக்கமும் வீண். ஒன்று பிளந்த அச்சில் போனது. ஒன்று வெயிலில் வளைந்தது. மயில்துத்தம் போடாத இரண்டில் ஒரு வாரத்தில் கறுப்புப் பூஞ்சணம். ஐந்தாவது அருமையாக வந்தது. ஆனால் எழுத்து தலைகீழ்! அச்சில் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கணும் என்பதை மறந்துவிட்டோம். அச்சு செதுக்கிக் கொடுத்த பெரியவர், "என்னா தம்பி, டிப்ளமோ படிக்கிறீங்க, எழுத்தத் திருப்பித்தான வரஞ்சு குடுக்கணும்" என்று சிரித்தார்.

பிறகு எட்டுப் பதக்கம் சரியாக வந்தன. 60 மி.மீ. விட்டம், 6 மி.மீ. கனம். எடை ஏறத்தாழ 14 கிராம். கன அளவு 17 க.செ.மீ. என்பதால் அடர்த்தி 0.8-க்குக் கொஞ்சம் மேலே. நெருக்கமான மரத்துக்குச் சமம். தலை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் பத்து முறை போட்டோம். விளிம்பு கொஞ்சம் நசுங்கியதே தவிர உடையவில்லை.

குறையையும் சொல்லிவிடணும். வார்னிஷ் அடிக்காத பதக்கத்தைத் தண்ணீரில் போட்டதும் ஒரு மணி நேரத்தில் விளிம்பு ஊறிவிட்டது. வார்னிஷ் அடித்தது ஓர் இரவு தாங்கியது. ஆனால் ரிப்பன் துளை வழியே நீர் புகுந்து உப்பியது. துளைக்குள்ளும் வார்னிஷ் விடணும் என்று கற்றுக்கொண்டோம். இன்னொன்று, ஒலிம்பிக்கில் செய்வது போல் இந்தப் பதக்கத்தைக் கடித்துப் போஸ் கொடுக்கக் கூடாது. மயில்துத்தம் இருக்கிறது!

கைக்காசு போனது வார்னிஷுக்கும் ரிப்பனுக்கும் மட்டுமே. இதே முறையில் பேப்பர் வெயிட், பேனா ஸ்டாண்டு, கீ செயின் வில்லை எல்லாம் செய்யலாம். ஓர் ஆண்டில் நம் ஹாஸ்டலில் சேரும் பழைய ரெக்கார்டு நோட்டே இதற்குப் போதும்.

ஆயா சொன்னது

எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஆயா கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். என்ன மரம் என்று கேட்டார். பழைய காகிதமும் துணியும் என்றேன். நம்பவில்லை.

"ஆயா, அந்த ஏழு நோட்டுல ஒண்ணு குடு. இந்த மாதிரி செஞ்சு தரேன்."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மீதி ஆறை மறுபடி முடிந்துகொண்டார்.

அந்த ஒரு நோட்டை இரண்டு மி.மீ. துகளாக வெட்டினேன். வெட்டும்போது கை கொஞ்சம் நடுங்கியது என்பது உண்மை. மூன்று நாள் ஊறவைத்தும் அது கூழாகவில்லை. கண்ணூர்த் தொழிற்சாலை ஏன் சிரமப்பட்டது என்று அப்போது புரிந்தது. அதனால் கூழாக்காமல் அப்படியே பசையில் பிசறி, அச்சின் அடியில் மெல்லிய படலமாகப் பரப்பி, மேலே நம் கூழை வைத்து அழுத்தினேன். காய்ந்து வந்தபோது பதக்கத்தின் முகத்தில் காந்தியின் கண்ணாடி ஓரமும், தண்டி யாத்திரைப் படத்தில் ஒருவர் காலும் துண்டு துண்டாகத் தெரிந்தன.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆயா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதக் குடுத்தா கடையில அரிசி குடுப்பானா?"

"குடுக்க மாட்டான் ஆயா."

"பின்ன எதுக்கு இது?"

"ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவங்க கழுத்துல போடறதுக்கு."

உள்ளே போனார். முடிச்சை அவிழ்த்து மீதி ஆறு நோட்டையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அப்ப ஓடி ஜெயிக்கிற புள்ளைங்களுக்கே குடு. கூரையில கெடந்ததுக்கு இது தேவல" என்றார். முதலில் செய்ததை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார். வாசல் கம்பத்தில் அது தொங்குகிறது.

நண்பர்களே, அந்த ஆறு நோட்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஆறு பதக்கத்துக்கு முகப் படலம் போட அவை போதும். நம் மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை இதுதான். வருகிற விளையாட்டு விழாவில் ஆண்கள், பெண்கள் ஓட்டப்பந்தயங்களின் முதல் மூன்று இடங்களுக்கு இந்த ஆறு பதக்கங்களைக் கொடுப்போம். மற்ற போட்டிகளுக்கு நம் ரெக்கார்டு நோட்டுத் தாளில் செய்த பதக்கங்கள். கடையில் வாங்கும் பதக்கத்தில் ஒரு மாதத்தில் தங்கப் பூச்சு உரிந்துவிடுகிறது. இதை நாமே செய்வதால், கெட்டுப்போனாலும் ஏன் கெட்டது என்று நமக்குத் தெரியும். அடுத்த முறை சரி செய்யலாம். அச்சு ஒர்க்‌ஷாப் அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் வாருங்கள், சேர்ந்து செய்வோம். எழுத்தை மட்டும் திருப்பி வரைய மறக்காதீர்கள்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை